மேல மலை, கீழ ஊர்: ஒரு குடும்பத்தின் நினைவில் போடிநாயக்கனூர்

எங்கள் அப்பத்தாவுக்கு ஆண்டுகளை எண்ணில் சொல்லும் பழக்கம் கிடையாது. “தண்ணி வந்த வருசம்”, “ரயில் வந்த வருசம்”, “எல்லை பிரிச்ச வருசம்” என்று மூன்று முளைகளை அடித்து வைத்திருந்தார். கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு, வீடு மாறியது என்று குடும்பத்தில் நடந்த அத்தனையையும் இந்த மூன்றில் ஒன்றோடு கட்டிவிடுவார். அவர் பிறந்தது ரயில் வந்த வருசம். அவருடைய அப்பாவுக்கு வண்டி வேலை குறைந்தது தண்ணி வந்த வருசத்திலிருந்து. அவருடைய தங்கை எல்லை பிரித்த வருசத்தில் வாழ்க்கைப்பட்டு மலைக்கு மேலே போனவர்.

திசையும் அவருக்கு இரண்டுதான்: மேல, கீழ. மழை மேல பெய்கிறது, அரிசி கீழ இருந்து போகிறது, சித்தப்பா மேல வேலைக்குப் போயிருக்கிறார், பொங்கலுக்குக் கீழ வருவார். தமிழில் மேற்கும் கிழக்கும் மேல், கீழ் என்ற சொற்களிலிருந்தே பிறந்தவை. போடியில் அந்த வேர்ப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேற்கே பார்த்து நின்றால் நிலம் எழும்பி வானத்தைத் தொடுகிறது. கிழக்கே அது சாய்ந்து தேனிக்கும் வைகைக்கும் இறங்குகிறது.

1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு ஒரு வாதம் செய்தார். மலையாள நாட்டில் மலை இருப்பது கிழக்கே. ஆனாலும் மலையாளத்தில் அந்தத் திசைக்குப் பெயர் கிழக்கு, அதாவது தாழ்ந்த பக்கம். மலைக்குக் கிழக்கே வாழ்ந்தவர்கள் உண்டாக்கிய சொல் மலை தாண்டிப் போயிருக்கிறது என்பது அவர் முடிவு. போடிமெட்டின் உச்சியில் நின்றால் அந்த வாதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பக்கம் சொல்லும் நிலமும் பொருந்துகின்றன, மறுபக்கம் பிரிகின்றன.

போடியின் நிலவியலை ஒரு குடும்பத்தின் நினைவுகளை வைத்து வாசிக்கும் முயற்சி இந்தக் கட்டுரை. அப்பத்தாவின் மூன்று முளைகளை அச்சில் உள்ள வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. வரைபடம் மலையுச்சியில் ஒரு கோடு போட்டு இரண்டு மாநிலங்களைக் காட்டுகிறது. போடிக் குடும்பங்களின் நினைவிலோ அது முழுக்க ஒரே சரிவு. அதன் அடிவாரப் பாதிக்குப் போடி என்று பெயர்.

இரண்டு மழைகளின் ஊர்

போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரைத் தாண்டி முந்தல் வந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது சுமார் 1,370 மீட்டருக்கு வந்திருப்போம். வேர்க்க வேர்க்கப் பேருந்தில் ஏறியவர் ஒரு மணி நேரத்துக்குள் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். வடக்கே குரங்கணி வழியாக ஏறினால் கொழுக்குமலை 2,000 மீட்டரையும் தாண்டி நிற்கிறது.

இந்த ஏற்றம்தான் ஊரின் பொருளாதாரத்தை வகுத்திருக்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மலையின் மேற்கு முகத்தில் மழை கொட்டும். போடிக்கு வருவது காற்றும், அந்தக் காற்றில் சிதறி விழும் சாரலும் மட்டுமே. தகரக் கூரைகள் இரவெல்லாம் அதிரும், ஆனால் கண்மாயில் ஒரு சாண் நீர் ஏறாது. ஊரின் கண்மாய்களை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழை. மேற்கு மழை ஏலச்செடியை வளர்த்துக் கைக்குக் காசு தந்தது. கிழக்கு மழை கண்மாயை நிறைத்து வயிற்றுக்குச் சோறு தந்தது. எங்கள் வீட்டில் கடன் வாங்குவதும் அடைப்பதும் மேல் மழையை நம்பி. வீட்டுக் கிணற்றைப் பற்றிய கவலையோ கீழ் மழையைப் பற்றியது. “மேல காத்து வந்தா காசு, கீழ காத்து வந்தா கஞ்சி” என்று அப்பத்தா சொன்னதைச் சின்ன வயதில் விடுகதை என்றே நினைத்தேன். இரண்டு பருவமழைகளின் நடுவே வாழும் ஊரின் கணக்கு அது என்பது பின்னால்தான் விளங்கியது.

மலையிலிருந்து ஊருக்கு நேரடியாக வருவது கொட்டகுடி ஆறு. குரங்கணிக்கு மேலே சோலைகளில் கசியும் ஊற்றுகள் ஓடைகளாகி, ஓடைகள் ஆறாகி, போடியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி வைகையோடு சேர்கின்றன. சோலை என்ற தமிழ்ச் சொல்லைத்தான் உலகச் சூழலியலாளர்கள் இந்த மலைமடிப்புக் காடுகளுக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். சோலையும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்து, மெதுவாகக் கீழே விடுகின்றன. அந்தப் பிடிப்பு தளர்ந்தால் முதலில் தெரிய வருவது போடியின் குடிநீர்க் குழாயில்.

தெருப் பெயர்களில் ஒரு நிலப்படம்

ஊருக்குள் நடந்தால் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். போடிநாயக்கனூர் என்பது பாளையக்காரரின் பெயரால் வந்த ஊர்ப்பெயர். மதுரை நாயக்கர் ஆட்சியின் 72 பாளையங்களில் இதுவும் ஒன்று. பாளையம் பிறகு ஜமீனாயிற்று. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்ட சுவர்களோடு அரண்மனை இன்றும் ஊருக்குள் நிற்கிறது. மலைக்குப் போகும் வழியின் வாசலில் ஒரு பாளையம் அமைந்ததில் வியப்பில்லை. கணவாயைக் காவல் காப்பவருக்கு அதில் போய்வரும் சரக்கின் மீதும் ஒரு கண் இருந்திருக்கும்.

குலாலர்பாளையம் மண்பாண்டம் செய்தவர்களின் குடியிருப்பு. குலாலர் என்றால் குயவர். கண்மாய் மண்ணும் அடிவாரத்து விறகும் கிடைக்கும் இடத்தில் சூளை எரிந்தது இயல்பு. வஞ்சி ஓடைத் தெரு என்ற பெயரில் ஓர் ஓடை இருக்கிறது. வீடுகள் நெருங்கிய பிறகும் பெயர் ஓடையை மறக்கவில்லை. பெருமழை நாளில் தண்ணீரும் தன் பழைய தடத்தை மறப்பதில்லை. அணைக்கரைப்பட்டி ஓர் அணையை நினைவூட்டுகிறது. பங்காருசாமி கண்மாய் நாயக்கர் காலத்துப் பெயர்வழக்கைத் தாங்கி நிற்கிறது. பரமசிவன் மலை ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் வழி சொல்லும் அடையாளம். எங்கள் வீடு இருந்த புதூர், பெயரே சொல்வது போல, பின்னால் உண்டான பகுதி. பழைய ஊருக்குள் இடம் இல்லாதவர்களும் பிழைப்புத் தேடி வந்தவர்களும் புதூர்களில்தான் குடியேறுவார்கள். அப்பத்தாவின் குடும்பம் அப்படி வந்ததுதான்.

ஓடை, கண்மாய், அணை, மலை, பாளையம், புதூர் என்ற ஆறு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். போடியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதிகாரம் எங்கே உட்கார்ந்தது, வேலைக்காரர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்பதை ஒரு மாலை நடையிலேயே படித்துவிடலாம். புதிதாக எழும் நகர்கள் இந்தத் தகவலைத் தருவதில்லை. யாரோ ஒருவரின் பெயரைப் பலகையில் தாங்கி, நிலம் என்னவாக இருந்தது என்பதை மறைத்துவிடுகின்றன.

மூன்று ஸ்டேஷன்கள், ஒரு மாட்டுவண்டி

போடிக்கு மேலே டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்று மூன்று இடங்கள் உண்டு. ரயில் வராத மலையில் ஸ்டேஷன் எப்படி வந்தது என்று கேட்டால், தேயிலையின் கதையைச் சொல்ல வேண்டும்.

திருவிதாங்கூர் அரசில் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காடு தேயிலைத் தோட்டமாயிற்று. மூணாற்றில் விளைந்த தேயிலை கப்பலேற வேண்டுமானால் மேற்கே இறங்குவதைவிடக் கிழக்கே போடிக்கு இறங்குவதே அன்று எளிது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. அதை இழுத்தவை காளைகள். 1908-இல் அது நீராவி இஞ்சின் ஓடும் குறும்பாதை ரயிலாக மாறியது. அந்தப் பாதையின் உச்சி முனைதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கின. அடிவாரத்திலிருந்து போடி வரை ஏறத்தாழ 15 கி.மீ. தூரமும் மாட்டுவண்டி.

அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் அப்பத்தாவின் அப்பா. இறங்கும்போது தேயிலைப் பெட்டி, திரும்பும்போது தோட்டத்துக்கு அரிசி, உப்பு, கருவாடு. வண்டிக்காரர்கள் இரவில் கூட்டமாகவே போவார்கள். முன்வண்டியில் அரிக்கேன் விளக்குத் தொங்கும். பின்வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு விளக்கைப் பார்த்து நடக்கும். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அடியில் அந்த வண்டியின் இரும்புப் பட்டா ஒன்று வெகுகாலம் கிடந்தது.

அப்பத்தா சொன்ன “தண்ணி வந்த வருசம்” 1924. அந்த ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழையைக் கேரளத்தில் இன்றும் 99-ஆம் ஆண்டு வெள்ளம் என்று, கொல்லம் ஆண்டு 1099-ஐக் கொண்டு, நினைவுகூர்கிறார்கள். மூணாற்றை மூழ்கடித்த அந்த வெள்ளம் குண்டளை ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பாதை மீண்டும் போடப்படவே இல்லை. 1931-இல் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குச் சாலை திறந்த பிறகு தேயிலையின் முகம் மேற்கே திரும்பிவிட்டது.

“ரயில் வந்த வருசம்” 1928. மதுரையிலிருந்து சுமார் 90 கி.மீ. நீளத்துக்குப் போடி வரை இருப்புப்பாதை வந்த ஆண்டு அது. மலை ரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் ஆன பின்னரே ஊர் ரயில் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால், நடுவே அந்தப் 15 கி.மீ. மாட்டுவண்டித் தடம் மட்டும் விட்டுப்போயிருக்கும். அதையும் இணைத்திருந்தால் போடி பெரிய மலைவாசல் நகரமாக வளர்ந்திருக்கக்கூடும். குடும்ப நினைவில் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு முளைகளுக்கு இடையில் ஊர் இழந்த வாய்ப்பு ஒன்று புதைந்திருக்கிறது. வண்டிக்காரர்கள் அதைத் தங்கள் வயிற்றில் உணர்ந்தார்கள். அப்பத்தாவின் அப்பா மாடுகளை விற்றுவிட்டு ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறினார்.

ஏலமும் ஏலமும்

போடியில் ஏலம் என்ற சொல் இரண்டு பொருளிலும் நாள்தோறும் புழங்குகிறது. ஒன்று செடி. மற்றொன்று விலை கூறி விற்பது. இரண்டாவது சொல் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சொற்களையும் எங்கள் ஊர் ஒன்றாகவே உச்சரிக்கிறது.

திருவிதாங்கூர் அரசு வெகுகாலம் ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. காட்டில் விளைவித்தவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய தமிழ்க் குடியானவர்கள். விளைந்ததை அரசிடம் ஒப்படைத்துவிட்டுத் தங்கள் பங்கைப் பெற்றார்கள். 1896-இல் ஏகபோகம் நீங்கி நிலவரி வந்தது. அடுத்த ஆண்டு, 1897 ஆகஸ்ட்டில், ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் நீதிமன்றத்தில் வழக்காக நிற்கிறது. ஒரே ஓர் இலக்கம் முன்னால் இருக்கிறதா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலவுரிமையும் ஒரு பெருங்காட்டின் எதிர்காலமும் தொங்குகின்றன.

ஏலச்செடி நிழலில்லாமல் வாழாது. பெரிய மரங்களின் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் தட்டைகள் வளரும். காய்ப்பதோ தட்டையின் அடியில், தரையோடு படரும் சரத்தில். அதனால் காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் இருக்க வேண்டும். ஒரு சரத்தின் காய்கள் ஒன்றாக முற்றுவதில்லை. 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை அதே செடியிடம் திரும்பத் திரும்ப வர வேண்டும். எது முற்றியது என்பதைக் கண்ணைவிட விரல்தான் முதலில் அறியும். பறித்த காயை ஸ்டோர் என்னும் உலர்த்தும் கூடத்தில் ஒரு நாள் போல வெப்பமூட்டி உலர்த்துவார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். அதன் பிறகு அது கீழே, போடிக்கு வரும்.

போடியின் வீடுகளிலும் கிட்டங்கிகளிலும் பெண்கள் அதைச் சல்லடையில் சலித்து, முறத்தில் பரப்பி, வெடித்ததையும் நிறம் மங்கியதையும் பொறுக்கித் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த பச்சை நிறக் காய்க்கு மதிப்பு அதிகம். எங்கள் அம்மாச்சி இந்த வேலை செய்தவர். சாயங்காலம் அவர் தெருவில் திரும்பும்போதே வாசனை முன்னால் வந்துவிடும். புடவையை எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. அவருக்குக் கிடைத்த கூலியில் அந்தக் காயை ஒரு கைப்பிடி வாங்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று விற்பனை நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் நடக்கிறது. போடியும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் அதன் இரு மையங்கள். வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பிறகு சரிந்தது. அந்த ஏற்ற இறக்கத்தில் மத்திய அமெரிக்காவின் குவாதமாலாவுக்கும் பங்குண்டு. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் நம் செடியை அங்கே கொண்டுபோய் நட்டார். இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் அந்த நாடுதான் முன்னணியில் நிற்கிறது. அரபு நாட்டுக் காப்பியில் யார் காய் விழுகிறது என்பதைப் பொறுத்து, போடியில் ஒரு வீட்டில் கல்யாணம் நடக்கிறது அல்லது தள்ளிப்போகிறது. ஊரின் கல்லூரிகளில் ஒன்றான சி.பி.ஏ. கல்லூரியை ஏல விவசாயிகள் சங்கம்தான் தொடங்கியது. காய் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அதில் படித்தார்கள்.

மெட்டுகள் சொல்லும் சாட்சி

மலை விளிம்பில் இருக்கும் கணவாய்களுக்கு இங்கே மெட்டு என்று பெயர். போடிமெட்டு, தேவாரமெட்டு, கம்பமெட்டு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மேலே இருக்கும் இடங்களுக்குக் கீழே இருக்கும் ஊர்களின் பெயர்கள். உச்சிக்குப் பெயர் வைத்தவர்கள் கிழக்கிலிருந்து ஏறியவர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மெட்டைத் தாண்டினாலும் பூப்பாறை, உடும்பன்சோலை, மதிகெட்டான் சோலை, சின்னக்கானல் என்று அதே மொழியில் நிலம் பேசுகிறது.

“எல்லை பிரிச்ச வருசம்” 1956. அந்த நவம்பர் 1-இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் நேசமணியும் போராடிக் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதே வருசம் மெட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அப்பத்தாவின் தங்கை, கல்யாணத்துக்குச் சில மாதங்கள் கழித்துக் கேரளத்துக்காரர் ஆனார். அவருடைய பிள்ளைகள் மலையாளத்தில் படித்தார்கள், தமிழில் சண்டை போட்டார்கள், பங்குனியில் கோயிலுக்குக் கீழே வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் அதைப் பிரிவாக எண்ணவில்லை. ஏறி இறங்குவது நிற்கவில்லை என்பதுதான் காரணம்.

கோடு உண்மையில் வெட்டியது 2011 டிசம்பரில். முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்த நாட்களில் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி இறங்கினார்கள். சாலை அடைபட்டபோது காட்டுப் பாதைகளில் நடந்தார்கள். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர், இடுப்பில் பிள்ளையோடு, தன் மாமியார் ஒருகாலத்தில் காய் மூட்டை சுமந்து வந்த தடத்தைக் கேட்டறிந்து அதன் வழியாகவே தேவாரம் பக்கம் இறங்கி வந்து சேர்ந்தார். அரசு வரைபடத்தில் இல்லாத பாதை அது. மாமியாரின் நினைவில் இருந்தது. குடும்ப வரலாறு சில நேரம் உயிர் காக்கும் நிலப்படமாகவும் இருக்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டோம். அந்தச் சுமைத் தடங்களையும் அவற்றில் நடந்த நிலமற்றவர்களின் வாழ்வையும் 2018-இல் வெளிவந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம் பதிவு செய்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைப் படமாகப் பார்க்கவில்லை, தங்கள் கால்களை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

கோட்டின் முரண் கொழுக்குமலையில் இன்னும் துலக்கம். அந்தத் தேயிலைத் தோட்டம் போடி வட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற முடியும். குரங்கணியிலிருந்து இருப்பது நடைபாதை.

இன்றும் விடிவதற்கு முன் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டுகளை நோக்கிப் போகின்றன. தூக்குவாளியில் சோறு, மழைக்கு ஒரு சாக்கு, அட்டைக்கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும். அளவுக்கு மேல் ஆளை ஏற்றிய ஜீப் வளைவில் கவிழ்ந்த செய்தி இங்கே எந்த வீட்டுக்கும் புதிதில்லை. காலையில் ஒரு மாநிலத்தில் சமைத்து, நண்பகலில் இன்னொரு மாநிலத்தில் உண்டு, இரவில் திரும்பி வந்து படுக்கும் இந்தப் பெண்களின் நாளே இந்தச் சரிவின் உண்மையான வரைபடம்.

மலையைப் பார்க்கும் கண்கள்

எங்கள் குடும்பத்தின் கதை இந்த மலையின் முதல் கதை இல்லை. எங்களுக்கு வெகுமுன்னே முதுவர்கள் இங்கே இருக்கிறார்கள். மதுரையிலிருந்து மீனாட்சி அம்மனை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் சொல்லும் தோற்றக் கதை. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி அவர்களுடைய ஊர். அவர்கள் நடந்த தடங்களின் மேல்தான் வண்டித் தடமும் சுமைத் தடமும் பின்னால் படிந்தன. போடியின் வரலாற்றை எழுதுகிறவர் அவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும் சரிவில் தீ மேல்நோக்கி எப்படிப் பாயும் என்பது மலைவாசிகளுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அந்த அறிவு அவர்களைச் சென்றடைய ஒரு வாய்க்கால் இல்லாமல் போனது பெருந்துயரம். அன்று அலறல் கேட்டு ஓடிப்போய் ஆட்களைத் தூக்கி வந்தவர்களில் அந்தப் பக்கத்து மக்களே முன்னால் நின்றார்கள்.

போடியின் மேற்கு மலைகளை அறிவியலும் தேடி வந்தது. பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் இரண்டு கி.மீ. சுரங்கத்தின் முடிவில் 50,000 டன் இரும்பாலான கருவியை வைத்து நியூட்ரினோக்களை ஆராயும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. சார்னகைட் என்னும் கடும்பாறையின் உறுதியே இந்த மலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம். மக்களோ தண்ணீரைப் பற்றியும் மதிகெட்டான் சோலை, பெரியாறு காடுகளுக்கு இடையிலான புலிகளின் வழித்தடத்தைப் பற்றியும் கேட்டார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்துக்கு இசைவில்லை என்று தெரிவித்தது. அறிவியல் ஆய்வு எனக்குப் பகையில்லை. ஆனால் ஒரு மலையைப் பாறையாக அளந்தவர்கள், அதன் அடியில் இருப்பவர்களின் கண்மாய்க் கணக்கையும் முதல் நாளே அளந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டு எழுத வேண்டியவை

2010 இறுதியோடு போடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையாகி, 2023 ஜூன் 15 அன்று ரயில் மறுபடி போடிக்கு வந்தது. ரயில் வந்த வருசத்தில் பிறந்த அப்பத்தா, ரயில் இல்லாத அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் காலமாகிவிட்டார். புது ரயிலைப் பார்க்க ஸ்டேஷனில் கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், போடிக்கு இப்போதுதான் முதல் முறையாக ரயில் வருகிறது என்று தன் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தலைமுறை வாய் திறக்காவிட்டால் ஒரு நூற்றாண்டு இப்படித்தான் காணாமல் போகும்.

அரண்மனைக்கு ஓவியச் சுவர்கள் உண்டு. தேயிலைக் கம்பெனிகளுக்கு ஆவணங்கள் உண்டு. அரசுகளுக்கு அளவை வரைபடங்கள் உண்டு. வண்டி ஓட்டியவர்களுக்கும் மூட்டை சுமந்தவர்களுக்கும் காய் எடுத்த பெண்களுக்கும் அவரவர் பிள்ளைகளின் காதுகளைத் தவிர வேறு ஆவணக் காப்பகம் இல்லை. ஆகவே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும், மெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறையிலும் நெடுங்கண்டத்திலும் இருக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். எந்த மெட்டு வழியாக முதலில் மலையேறினீர்கள்? எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தீர்கள்? வழியில் எந்த ஊற்றில் தண்ணீர் குடித்தீர்கள்? நாம் இருக்கும் தெரு அதற்கு முன் என்னவாக இருந்தது? எல்லைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் யார் யார் இருக்கிறார்கள்? சொல்வதை அப்படியே, அவர்கள் சொல்லிலேயே, ஒரு நோட்டில் எழுதுங்கள். “தண்ணி வந்த வருசம்” என்று சொன்னால் அதையும் மாற்றாமல் எழுதுங்கள். ஆண்டைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். சொல்பவர் போன பிறகு அந்த ஊற்றைக் கண்டுபிடிக்க முடியாது.